தண்ணீர் எங்கே போனது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நாங்கள் இன்று உங்களோடு பேச வந்திருப்பது காரைப் பற்றி. கார் ஓட்டும் முறையைப் பற்றியல்ல. காரின் இஞ்சினைச் சூடேறாமல் காக்கின்ற தண்ணீரைப் பற்றி. அதிலும், வாசலில் முற்றமும் குழாயும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் குடியிருந்துகொண்டு அந்தத் தண்ணீரை எவ்வாறு கவனிப்பது என்பதே இன்றைய பேச்சு.

"இது பட்டறைக்காரர் பேசவேண்டிய பேச்சாயிற்றே, ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தெரிந்தவர் என்ற முறையில் நாங்கள் பேச வரவில்லை. தெரிந்திருந்தும் கவனியாமல் இருந்து, அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் என்ற முறையில் பேச வந்திருக்கிறோம்.

முதலில் நம் ஊர் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கெடா மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது நமது பண்டார் பாரு மாவட்டம். கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கைச் சேர்ந்த பாரிட் புந்தார். மேற்கே போனால் பினாங்கைச் சேர்ந்த நிபோங் தெபால். வடக்கே கூலிம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில், பால்மரக் காலத்திலும் பின்னர் செம்பனைக் காலத்திலும், நம் வாழ்க்கை நடை தூரத்துக்குள் அடங்கியிருந்தது. காலையில் பெரட்டுக்கு நடந்து போனோம். பள்ளி, கோயில், கடை, ஆயாக் கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரம். கொஞ்சம் வசதி வந்தபோது சைக்கிள் வாங்கினோம்; பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினோம். அந்தப் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீரே தேவைப்படவில்லை. இஞ்சினைச் சுற்றிலும் செதில் செதிலாக இருந்த இரும்புத் தகடுகளின்மேல் காற்றடித்தே அது சூடு தணிந்துவிடும். ஆகவே இஞ்சினுக்குத் தண்ணீர் பார்க்கின்ற பழக்கம் நம்மில் பலருக்குத் தந்தை வழியாக வந்ததன்று.

1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. கார் என்பது துரைக்கும் பெரிய கிராணிக்கும் மட்டுமே உரியது என்ற நிலை மாறிற்று. ஏறத்தாழ அதே காலத்தில்தான் தோட்டங்கள் பல கைமாறின, லயங்கள் காலியாயின, நம் குடும்பங்கள் பல பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தை விட்டு வந்தபோது கையில் கிடைத்த தொகையைக் கொண்டு பழைய கார் ஒன்றை வாங்கியவர்களும் நம்மில் உண்டு. இன்று தொழிற்சாலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம். கார் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் சம்பளம் நிற்கும். ஆகவே காரின் தண்ணீர் என்பது குடும்பத்தின் அடுப்பெரிகின்ற விஷயம்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

நாங்கள் குடியிருப்பது ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில். எங்களிடம் இருந்தது பழைய சாகா. ஞாயிறுதோறும் காலையில் கீழே இறங்கி, முன்மூடியைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியைப் பார்ப்போம். தண்ணீர் குறைந்திருக்கும். வீட்டிலிருந்து கொண்டு வந்த போத்தலிலிருந்து அரைப் போத்தல் ஊற்றுவோம். மறுவாரமும் குறைந்திருக்கும், மறுபடியும் ஊற்றுவோம். இப்படியே ஆறு மாதம் ஓடிற்று. வாரம் தவறாமல் காரைக் கவனிக்கிறோம் என்று எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்த ஆண்டு ஆவணியில் ஈப்போவில் உறவினர் திருமணம். நாங்கள், எங்கள் மனைவி, தாயார், மகள், ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி மகன், ஆக ஐந்து பேர் புறப்பட்டோம். பண்டார் பாரு சந்திப்பில் நெடுஞ்சாலையில் ஏறினோம். தைப்பிங் வரை ஒரு குறையும் இல்லை. தைப்பிங்கைத் தாண்டி, கோலகங்சாருக்கு முன்னால், புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் கார் ஏறும்போது, சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த பையன் அதைப் பார்த்துவிட்டான்.

"பெரியப்பா, முள்ளு மேல போகுது."

"கொஞ்ச தூரந்தாம்பா. கோலகங்சார் வந்துட்டா நிறுத்திப் பார்த்துக்கலாம்" என்றோம்.

அந்தக் 'கொஞ்ச தூரம்' என்ற சொல்தான், நேயர்களே, எங்களுக்கு வினையாயிற்று. முள் சிவப்பில் போய் முட்டிற்று. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. இஞ்சின் இருமுவதுபோல் இரண்டு முறை குலுங்கி நின்றது. காரை ஓரத்தில் சேர்த்தோம். நாங்கள் இறங்கிப் பின்னால் வரும் வண்டிகளைக் கவனிப்பதற்குள், உதவி செய்கின்ற ஆவலில் பையன் முன்மூடியைத் தூக்கி, கைக்குட்டையை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். கொதிநீர் பீறிட்டு அடித்தது. முகத்தை அவன் திருப்பிக்கொண்டதால் கண் தப்பிற்று. வலது கை, முழங்கை வரை வெந்துபோயிற்று.

எங்கள் தாயார் பதறிப்போய்ப் பற்பசையைத் தேடினார். மனைவி அதைத் தடுத்துவிட்டு, வழிக்கென்று வைத்திருந்த பெரிய போத்தல் குடிநீரைப் பையனின் கைமேல் நிதானமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். அவ்வழியே வந்த ஒரு புண்ணியவான் எங்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார். அந்தத் தண்ணீர்தான் காயத்தை ஆழமாகப் போகாமல் காத்தது என்று மருத்துவர் சொன்னார். ஆயினும் தேர்வு எழுதவேண்டிய ஆண்டில் மூன்று வாரம் அந்தப் பையனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. திருமணத்திற்கும் நாங்கள் போய்ச் சேரவில்லை.

காரை ஊருக்கு இழுத்து வந்து பட்டறையில் விட்டோம். இஞ்சினின் மேல்தலை சூட்டில் வளைந்துவிட்டது. அதற்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் எரிந்துவிட்டது. செலவு எங்கள் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிற்று. இவ்வளவுக்கும் காரணம் என்ன தெரியுமா? ரேடியேட்டரின் அடிக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் சின்னஞ்சிறு கவ்வி துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. இரண்டு மூன்று வெள்ளிச் சாமான். நாம் போமன் என்று அழைக்கிறோமே, அந்தப் பட்டறைக்காரர் கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"வாத்தியாரையா, வாரா வாரம் தண்ணி ஊத்தினீங்க, சரி. ஊத்தின தண்ணி எங்கே போச்சுன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

வகுப்பில் நாங்கள் மாணவரைக் கேட்கவேண்டிய கேள்வி அது. எங்களிடம் பதில் இல்லை.

நேயர்களே, இன்றைய பேச்சின் சாரம் அந்த ஒரு கேள்விதான். தண்ணீர் ஊற்றுவது பராமரிப்பு ஆகாது. ஏன் குறைந்தது என்று தேடுவதே பராமரிப்பு.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, அதற்குள் நொடிக்கு 100 முறை தீப்பற்றுகிறது. அந்தத் தீயின் வெப்பம் 2,000 பாகை செல்சியசுக்கும் மேல். இஞ்சினின் மேல்தலை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் உருகுவதற்கு 660 பாகையே போதும். அப்படியானால் இஞ்சின் ஏன் உருகிப்போகவில்லை? தீக்கும் உலோகத்துக்கும் பின்னால் ஓயாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதனால்தான். பெட்ரோல் எரிந்து வருகின்ற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் வாங்கிச் சுமந்துகொண்டு போய், ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது.

அதன் ஓட்டத்தையும் பார்த்துவிடுவோம். இஞ்சின் சுழற்சியால் இயங்கும் பம்பு ஒன்று தண்ணீரைத் தள்ளுகிறது. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்னும் கதவு மூடியிருக்கும். தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு 80 பாகையைத் தாண்டியபின் அந்தக் கதவு தானாகவே திறக்கும். அப்போது சுடுநீர் மேல்குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். மெல்லிய குழாய்களில் இறங்கிச் சூடு தணியும். அடிக்குழாய் வழியாகத் திரும்பி வரும். ஓடும் காரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மின்விசிறி சுழன்று அந்த வேலையைச் செய்யும்.

அடுத்தது மூடி. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். அது திறந்த பாத்திரத்துக்குப் பொருந்தும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை அடைத்து வைக்கிறது. பல கார்களின் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ எண் பொறித்திருக்கும். அது அந்த அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காமலே இருக்கும். பிரஷர் குக்கரின் தத்துவம்தான் இதுவும். இப்போது எண்ணிப் பாருங்கள். 110 பாகைச் சூட்டில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீரின் மூடியைத் திடீரென்று திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் போன அந்தக் கணமே கொதித்து ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். சிறு பகுதி ஆவியானாலே போதும்; மிச்சமுள்ள கொதிநீரை அது முகத்தில் வாரி அடித்துவிடும். இதை வகுப்பில் படம் போட்டுக் காட்டிய நாங்கள், வீட்டுப் பையனுக்கு ஒருநாளும் சொல்லி வைக்கவில்லை.

மூடியுள்ள வழியிலேயே தண்ணீர் சுற்றுகிறது என்றால், அது குறையக்கூடாது அல்லவா? சூட்டில் சற்று ஏறும். குளிரில் சற்று இறங்கும். பல மாதங்களில் ஒரு சிறிதளவு குறையலாம். வாரந்தோறும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள்.

அது போகக்கூடிய வழிகள் ஐந்து. முதலாவது, ரப்பர்க் குழாய்களும் கவ்விகளும். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. இந்தக் குழாய்கள் நாம் சீவிய பால்மரத்து ரப்பராக இல்லாமல் சூட்டைத் தாங்கும் செயற்கை ரப்பராக இருந்தாலும், அதற்கும் வயதுண்டு. கையால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும் கெடுதல். சொதசொதவென்று உப்பியிருந்தாலும் கெடுதல். வளைவில் வெடிப்புத் தெரிந்தாலும் கெடுதல். இரண்டாவது, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியத் தகடுகளும் சேருகின்ற விளிம்பு. மூன்றாவது, பம்பு. அதன் அடியில் சிறு துவாரம் உண்டு. உள்ளிருக்கும் அடைப்பு தேய்ந்தால் அதன் வழியே சொட்டும். நான்காவது, மூடியின் உட்புற ரப்பர் வளையம். ஐந்தாவதுதான் மிகவும் மோசமானது: கேஸ்கெட் பழுதாகித் தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே போவது. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வந்தாலும், எண்ணெய் மூடியின் உள்பக்கம் பாலாடைபோல் படிந்திருந்தாலும், அதைச் சந்தேகிக்க வேண்டும். உடனே பட்டறைக்குப் போய்விட வேண்டும்.

சரி, ஆறு மாதமாக ஒழுகிய தண்ணீர் எங்கள் கண்ணில் ஏன் படவில்லை? இங்கேதான் அடுக்குமாடி வாழ்க்கை வருகிறது. தோட்டத்தில் மோட்டார் சைக்கிளை லயத்து வாசலிலேயே நிறுத்தினோம். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும், வாசல் கூட்டுகிறவர்கள் கண்ணில் காலையிலேயே பட்டுவிடும். அடுக்குமாடியில் கார் எங்கோ கீழே நிற்கிறது. இன்றைக்கு ஓர் இடம், நாளைக்கு ஓர் இடம். நான்காம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் காரின் கூரைதான் தெரியும், அடி தெரியாது. மேலும் நாங்கள் ஊற்றியது வெறும் தண்ணீர். தாரில் சொட்டினால் வெயில் வந்ததும் தடமின்றிக் காய்ந்துவிடும்.

ஆகவே அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு எளிய வழி சொல்கிறோம். வாரத்தில் ஓர் இரவு, இஞ்சினுக்கு நேர் கீழே பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வையுங்கள். காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமுள்ள ஈரமாக இருந்தால் அது குளிரூட்டி நீர். கறுப்பாகப் பிசுக்கென்று இருந்தால் எண்ணெய். ஏர்கோன் போட்டு வந்து நிறுத்தியிருந்தால், அதிலிருந்து சொட்டிய வெறும் தண்ணீராகவும் இருக்கலாம், அது குற்றமில்லை. எந்த இடத்திற்கு நேராக நனைந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால், பட்டறைக்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

நிறமுள்ள குளிரூட்டி நீர் என்று சொன்னோம். கூலண்ட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். "உறைபனி இல்லாத நாட்டில் அது எதற்கு? தண்ணீர் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. நமக்கு அது தேவையில்லை. ஆனால் அதற்கு வேறு வேலைகளும் உண்டு. உலோகம் துருப்பிடிக்காமலும் அரிக்காமலும் காக்கிறது. கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. ஒழுகினால் நிறத்தால் காட்டிக் கொடுக்கிறது. கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் கரைந்திருக்கும் உப்புகள், கெண்டியின் அடியில் படிவதுபோல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். ஆகவே உங்கள் காரின் கையேட்டில் சொல்லியுள்ள வகையையே வாங்குங்கள். தண்ணீர் கலந்தே விற்பதை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக விற்பதைப் போத்தலில் சொல்லியுள்ள அளவுப்படி, வடித்த நீரோடு கலக்கவேண்டும். பாதிக்குப் பாதி என்பது வழக்கமான அளவு. ஒருவகையோடு இன்னொருவகையைக் கலக்காதீர்கள். அதற்கும் ஆயுள் உண்டு. சில வகைக்கு இரண்டு ஆண்டு, சில வகைக்கு ஐந்து ஆண்டு. நடுவழியில் ஆபத்துக்குக் குடிநீர் ஊற்றலாம், தவறில்லை. ஊருக்கு வந்ததும் காரணத்தைக் கண்டு சரிசெய்துவிட்டு, முறையான நீரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கடமை. இதற்குக் குழாய் வேண்டாம், முற்றம் வேண்டாம். ஒரு டார்ச் விளக்கு, ஒரு பழந்துணி, பத்து நிமிடம் போதும். காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், இஞ்சின் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது செய்யவேண்டும். பக்கத்துத் தொட்டியில் நீர், கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா? நிறம் தெளிவாக இருக்கிறதா, துருநிறமாகக் கலங்கியிருக்கிறதா? குழாய்களும் கவ்விகளும் எப்படி? பெல்ட்டில் வெடிப்பு உண்டா? ரேடியேட்டரின் முகத்தில் சருகும் பூச்சியும் ஒட்டியிருக்கின்றனவா? கடைசியாக ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியையும் நீர் மட்டத்தையும் எழுதுங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். எங்களிடம் அப்படியொரு குறிப்பேடு இருந்திருந்தால், 'அரைப் போத்தல், அரைப் போத்தல்' என்று ஆறு மாதத்தில் இருபத்தைந்து வரி எழுதியிருப்போம். ஐந்தாவது வரியிலேயே எங்களுக்கு உறைத்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லி வையுங்கள். இஞ்சினை நிறுத்திய பின்னும், சூடு மிகுந்தால் மின்விசிறி தானாகச் சுழலும். விரலை அதனருகில் கொண்டு போகக்கூடாது.

பார்ப்பது நம் வேலை. பழுது பார்ப்பது பட்டறையின் வேலை. அடுக்குமாடிகளின் நிர்வாகத்துக்கு 2013-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2015-இல் அதற்குரிய விதிகளும் வந்தன. டயர் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது போன்ற சிறு வேலைகளைத் தவிர, பொதுவிடத்தில் வண்டியைப் பழுது பார்க்க அவ்விதிகள் இடம் தரவில்லை. இதைத் தொல்லை என்று எண்ணவேண்டாம். பழைய குளிரூட்டி நீரைக் கீழே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் என்னும் பொருள் நஞ்சு. ஆனால் நாக்குக்கு இனிக்கும். கார் நிறுத்துமிடத்தில் தேங்கினால் பூனை நக்கும், நாய் நக்கும். அங்கேயே விளையாடும் குழந்தை விரலை வைத்து வாயில் வைக்கும். முதலில் தள்ளாட்டமும் வாந்தியும் வரும். பிறகு சிறுநீரகம் கெடும். அப்படி யாரேனும் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். கால்வாயில் ஊற்றினாலும் அது கடைசியில் கிரியான் போன்ற நம் ஆறுகளுக்கே போய்ச் சேரும். ஆகவே நீர் மாற்றும் வேலையைப் பட்டறையில் செய்யுங்கள். பழையதை அவர்களே சேகரிக்கட்டும். மிச்சமுள்ள புதிய நீரைப் பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சிறிய வீட்டில் எல்லாம் சமையலறைக்கே வந்து சேரும். வேண்டவே வேண்டாம். அதன் சொந்தப் போத்தலிலேயே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனிச் சாலையில் சூடேறினால் என்ன செய்வது? முதலில், எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால், விசிறியைச் சந்தேகியுங்கள். பெராபிட் போன்ற ஏற்றத்திலும் வேகத்திலும் ஏறினால், நீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டது ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். சில புதிய கார்களில் முள்ளே கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. நீலம் எரிந்தால் இஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது. சிவப்பு எரிந்தால் யோசனைக்கே இடமில்லை, நிறுத்தவேண்டும்.

முள் ஏறத் தொடங்கியதும் ஏர்கோனை நிறுத்துங்கள். பாதுகாப்பான ஓரம் பார்த்து வண்டியைச் சேருங்கள்; எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். ஆவி வந்தால் இஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒருமணி நேரம் காத்திருங்கள். மூடியைத் தொடாதீர்கள். சூடான இஞ்சின்மேல் குளிர்ந்த நீரை வீசாதீர்கள், உலோகம் வெடித்துவிடும். நன்றாக ஆறியபின், தடித்த துணியை மூடிமேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிறிது சிறிதாகத் திறந்து நீர் ஊற்றலாம். மறுபடி ஏறினால் இழுவை வண்டியை அழையுங்கள். 'கொஞ்ச தூரந்தான்' என்று எண்ணாதீர்கள். இழுவைக் கூலி கனமாகத் தோன்றும். இஞ்சின் தலையின் விலைக்கு அது சிறிதே.

கொதிநீர் பட்டுவிட்டால், உடனே காயத்தின்மேல் சாதாரணக் குளிர்நீர் ஓடவேண்டும். இருபது நிமிடம் ஓடவேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, கிச்சாப்பு, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்காகவே நாங்கள் இப்போது காரில் ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் வைத்திருக்கிறோம். அது இஞ்சினுக்கும் உதவும், மனிதருக்கும் உதவும்.

நேயர்களே, ஒரே மாடியில் இருக்கும் நான்கு குடும்பங்கள் ஞாயிறு காலை ஒன்றாக இறங்கினால், நான்கு காரையும் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். வயதில் மூத்தவருக்குக் குனிய முடியாவிட்டால், பக்கத்து வீட்டுத் தம்பி அட்டையை எடுத்துக் காட்டலாம். தோட்டத்தில் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள்தாமே நாம்?

எங்கள் தம்பி மகன் தேர்வை எழுதினான், தேறியும் விட்டான். கையில் தழும்பு இருக்கிறது. இப்போது அவனே கார் ஓட்டுகிறான். ஞாயிறு காலையில் அவன் எங்கள் அடுக்குமாடிக்கு வந்தால், முதலில் மாடியேறி வருவதில்லை. எங்கள் காருக்குக் கீழே குனிந்து அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, கீழிருந்தே குரல் கொடுக்கிறான்: "பெரியப்பா, காய்ஞ்சுதான் இருக்கு!"

அந்தக் குரல் உங்கள் வீட்டு வாசலிலும் கேட்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.